போட்டி ரோபோவைத் தானாக ஓட வைத்தல்: எஃப்டிசி ஆட்டோ நிரல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச், சுருக்கமாக எஃப்டிசி, ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களுக்கான ரோபோ போட்டி. அதில் ஓர் அணிக்கு நிரல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஒவ்வொரு சீசனிலும் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களோடு அதே கேள்விகளும் வருகின்றன. அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். இதில் உள்ள உதாரணங்கள் ரோபோவின் மூளையாக ரெவ் நிறுவனத்தின் கன்ட்ரோல் ஹப் (சுருக்கமாக ஹப்), ஜாவா நிரல், நான்கு மெக்கானம் சக்கரம் (சாய்ந்த உருளைகள் பதித்து, பக்கவாட்டிலும் நகர வைக்கும் சக்கரம்) கொண்ட ரோபோ என்று வைத்துக்கொண்டு எழுதியவை.

ஆட்டோ என்பது ஆட்டத்தில் எந்தப் பகுதி?

முதல் 30 விநாடி. ரோபோவை இயக்கும் டிரைவர் ஸ்டேஷன் என்ற கையடக்கக் கருவியில் ப்ளே பட்டனைத் தொட்ட பிறகு யாரும் கேம்பேடை, அதாவது ஓட்டும் கைக்கருவியை, தொடக் கூடாது. ரோபோ தன் நிரலை மட்டும் நம்பி ஓடும். அதன்பின் கேம்பேடைக் கையில் எடுக்க 8 விநாடி. அடுத்து 2 நிமிடம் டெலிஆப், அதாவது பிள்ளைகள் ஓட்டும் பகுதி. களம் 12 அடிக்கு 12 அடி. 2 அடி சதுர ஃபோம் டைல்கள் 36 பரப்பியிருக்கும். சிவப்பு, நீலம் என்று இரண்டு கூட்டணிகள், கூட்டணிக்கு இரண்டு அணிகள். ஆக ஒரே நேரத்தில் நான்கு ரோபோக்கள் தாமாக ஓடும். ஆட்டத் தொடக்கத்தில் ஒவ்வொரு ரோபோவும் 18 அங்குலக் கனசதுரத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும்.

எதில் எழுதத் தொடங்குவது? பிளாக்ஸா, ஆன்பாட் ஜாவாவா, ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவா?

பிளாக்ஸில் கட்டங்களை இழுத்துக் கோத்து நிரல் அமைக்கலாம்; மற்ற இரண்டிலும் ஜாவாவில் எழுத வேண்டும். மூன்றும் ஒரே ஹப்பில்தான் ஓடுகின்றன. ஜாவாவே தெரியாத அணி பிளாக்ஸில் தொடங்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; பிளாக்ஸில் எழுதிய ஒழுங்கான ஆட்டோ, ஜாவாவில் எழுதிய பாதி ஆட்டோவை வெல்வதை நான் பார்த்திருக்கிறேன். பிளாக்ஸுக்கும் ஆன்பாட் ஜாவாவுக்கும் மடிக்கணினியில் எதையும் நிறுவ வேண்டாம். ஹப்பின் வைஃபையில் இணைந்து, பிரவுசரில் 192.168.43.1:8080 என்று அடித்தால் போதும். ரோட் ரன்னர் (ரோபோவுக்குப் பாதை வகுத்து ஓட்டும் நிரல் தொகுப்பு) போன்ற வெளி லைப்ரரிகள் தேவைப்படும்போதோ, இரண்டு மூன்று பேர் சேர்ந்து கிட் (Git) என்ற நிரல் பகிர்வுக் கருவியில் வேலை செய்யும்போதோ ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்கு மாறுங்கள்.

ஆட்டோ நிரலின் அடிப்படை வடிவம் என்ன?

டிரைவர் ஸ்டேஷனில் தேர்ந்தெடுத்து ஓட்டும் ஒரு நிரலுக்கு ஆப்மோட் என்று பெயர். வரிவரியாக ஓடும் லீனியர் ஆப்மோட் ஒன்றில் மூன்று கட்டங்கள் உண்டு. இனிட் அழுத்தியதும் மோட்டார், சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சிறு மோட்டார்), சென்சார்களைப் பெயர் சொல்லி எடுப்பது முதல் கட்டம். வெயிட் ஃபார் ஸ்டார்ட் என்ற வரியில் காத்திருப்பது இரண்டாவது. ப்ளே அழுத்திய பிறகு ஓடுவது மூன்றாவது.

முதல் கட்டத்தில் வரும் பிழை பெரும்பாலும் பெயர்ப் பிழைதான். டிரைவர் ஸ்டேஷனில் உள்ள கான்ஃபிகரேஷனில் மோட்டாருக்கு ஒரு பெயர், நிரலில் வேறு பெயர். ஓர் எழுத்து பெரியதாக இருந்தாலே கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். மூன்றாம் கட்டத்தில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வைல் லூப்பிலும் ஆப்மோட் இஸ் ஆக்டிவ் என்ற நிபந்தனையைச் சேர்த்துவிடுங்கள். அது இல்லாத லூப், ஸ்டாப் அழுத்தினாலும் வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும்.

இன்னொன்று: மோட்டார் எவ்வளவு சுற்றியது என்று டிக் கணக்கில் எண்ணும் என்கோடரின் எண்ணிக்கை ஒரு ஆப்மோடிலிருந்து அடுத்ததற்குத் தானாகச் சுழியாகாது. தொடக்கத்தில் நீங்கள்தான் ரீசெட் செய்ய வேண்டும். இதை மறந்த அணிக்கு முதல் ஓட்டம் சரியாக வரும், இரண்டாவது ஓட்டத்தில் கை எங்கோ போகும்.

"2 விநாடி முன்னால் போ, 1 விநாடி திரும்பு" என்று எழுதியிருக்கிறோம். எங்கள் வீட்டில் நன்றாக ஓடுகிறதே, மாற்ற வேண்டுமா?

மாற்றுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

மோட்டாருக்கு 0.5 பவர் கொடுக்கிறோம் என்றால் பேட்டரி மின்னழுத்தத்தில் பாதியைக் கொடுக்கிறோம் என்று பொருள். வேகத்தில் பாதி என்று பொருள் அல்ல. 12 வோல்ட் பேட்டரி என்று பெயர்தான். சார்ஜரிலிருந்து அப்போதே எடுத்தது 13.5 வோல்ட் காட்டும், நான்கைந்து ஓட்டம் ஓடியது 12.2 காட்டும். ஏறக்குறைய 10 சதவீத வித்தியாசம். 2 விநாடியில் 120 செ.மீ. போக வேண்டிய ரோபோ 12 செ.மீ. முன்னோ பின்னோ நிற்கும். பொருளைப் போட வேண்டிய இடத்தின் அகலமே பல சீசன்களில் அவ்வளவுதான் இருக்கும்.

எங்கள் அணி இதை நேரில் பட்டுத் தெரிந்துகொண்டது. முந்தைய நாள் மாலை முழுக்க ஒரே பேட்டரியில் ஓட்டி ஓட்டி, நேரத்தை 1.85 விநாடி என்று திருத்தி வைத்திருந்தார்கள். மறுநாள் முதல் ஆட்டத்துக்குப் பொறுப்பாகப் புது பேட்டரி போட்டார்கள். ரோபோ போய்ச் சுவரில் முட்டி, முட்டிய வேகத்தில் லேசாகத் திரும்பிக்கொண்டு, அடுத்த கட்டளையை அந்தக் கோணல் நிலையிலிருந்தே நிறைவேற்றத் தொடங்கியது. நிரலில் ஒரு வரியும் தவறில்லை. ஆனால் தான் எங்கே நிற்கிறோம் என்று ரோபோவுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ரோபோவுக்கு எவ்வளவு நேரம் ஓடு என்று சொல்லாதீர்கள். எங்கே போய்ச் சேர் என்று சொல்லுங்கள். கீழே வரும் என்கோடர், ஐஎம்யூ (திசையைச் சொல்லும் சென்சார்), கேமரா எல்லாம் அதற்குத்தான்.

என்கோடர் டிக்கை எப்படித் தூரமாக மாற்றுவது?

அச்சு ஒரு சுற்றுச் சுற்றினால் என்கோடர் எத்தனை டிக் எண்ணும் என்பதை மோட்டாரின் விவரப் பக்கத்தில் பாருங்கள். கோபில்டா நிறுவனத்தின் 312 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 312 சுற்று) மோட்டாருக்கு அது 537.7. சக்கரத்தின் விட்டம் 96 மி.மீ. என்றால் சுற்றளவு 301.6 மி.மீ. எனவே 1 மி.மீ.க்கு 1.783 டிக். ஒரு டைல் நீளம் 609.6 மி.மீ.; அதைக் கடக்க சுமார் 1087 டிக்.

கணக்குப் போட்டதோடு விட்டுவிடாதீர்கள். தரையில் டேப் ஒட்டி, நான்கு டைல் தூரம் ஓடச் சொல்லி, அளவு நாடாவால் அளந்து பாருங்கள். 2438 மி.மீ.க்குப் பதில் 2400 வந்தால், 2438 வகுத்தல் 2400 என்ற விகிதத்தால் உங்கள் எண்ணைப் பெருக்கிக்கொள்ளுங்கள். சக்கர ரப்பர் அமுங்குவது, ஃபோமில் புதைவது எல்லாம் அந்த ஒரு பெருக்கலில் அடங்கிவிடும்.

ரன் வித்தவுட் என்கோடர் என்று வைத்தால் என்கோடர் வேலை செய்யாதா?

செய்யும். பெயர்தான் குழப்புகிறது. அந்த முறையில் மோட்டார் வேகத்தை ஹப் தானாகக் கட்டுப்படுத்தாது. டிக்கை நீங்கள் வழக்கம்போல் படிக்கலாம். சொந்தமாகக் கட்டுப்பாடு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதையே பயன்படுத்துகிறார்கள். ரன் டு பொசிஷன், அதாவது கொடுத்த டிக் எண்வரை மோட்டாரை ஹப்பே ஓட்டும் முறையில், இலக்கை முதலில் கொடுத்துவிட்டுத்தான் முறையை மாற்ற வேண்டும். வரிசை மாறினால் பிழை காட்டி நின்றுவிடும்.

நேராகப் போகச் சொன்னால் ஒரு பக்கம் இழுக்கிறது. ஏன்?

நான்கு மோட்டார்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை, எடையும் நடுவில் இருப்பதில்லை. ரன் டு பொசிஷனில் ஒவ்வொரு மோட்டாரும் தன் இலக்கை மட்டும் பார்க்கும், பக்கத்து மோட்டாரைப் பார்க்காது. ஒன்று முந்தினால் ரோபோ திரும்பத்தான் செய்யும்.

திசையைச் சொல்ல ஹப்புக்குள்ளேயே ஐஎம்யூ இருக்கிறது. ஓடத் தொடங்கும்போது எந்தத் திசை என்று குறித்துக்கொண்டு, லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அதற்கு ஏற்ப ஒரு பக்கத்துக்குக் கொஞ்சம் கூட்டி மறுபக்கத்துக்குக் கொஞ்சம் குறையுங்கள். ஹப்பை ரோபோவில் எப்படிப் பொருத்தியிருக்கிறீர்கள் என்பதை, அதாவது லோகோ எந்தப் பக்கம், யூஎஸ்பி துளை எந்தப் பக்கம் என்பதை, நிரலில் சரியாகச் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் ரோபோவைத் தரையில் சுற்றும்போது கோணம் சரியாக வராமல் போகலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஐஎம்யூ கோணத்தை கழித்தல் 180 முதல் கூட்டல் 180 வரை தரும். ரோபோ 170 டிகிரியில் நிற்கிறது, கழித்தல் 170க்குத் திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் 20 டிகிரிதான். வெறுமனே கழித்தால் கழித்தல் 340 வரும். ரோபோ எதிர்ப்பக்கமாக ஏறத்தாழ முழுச் சுற்றுச் சுற்றும். பக்கத்தில் கூட்டணி ரோபோ இருந்தால் அதன் கையையும் தட்டிவிடும். விடை 180க்கு மேல் போனால் 360ஐக் கழி, கழித்தல் 180க்குக் கீழே போனால் 360ஐக் கூட்டு என்று இரண்டு வரி எழுதினால் தீர்ந்தது.

பிஐடி எண்களை எப்படி முடிவு செய்வது? இணையத்தில் கிடைப்பதைப் போடலாமா?

வேண்டாம். அது வேறு ரோபோவின் எடைக்கும் கியருக்கும் பொருந்திய எண்.

பிஐடி என்பது இலக்குக்கு எவ்வளவு பாக்கி என்று பார்த்துப் பவரை முடிவு செய்யும் கணக்கு. பி பாக்கியின் அளவைப் பார்க்கும், ஐ சேர்ந்துகொண்டே போகும் பாக்கியைப் பார்க்கும், டி பாக்கி மாறும் வேகத்தைப் பார்க்கும். திரும்புதலை எடுத்துக்கொள்வோம். பி எண் மட்டும், 0.02 என்று தொடங்குங்கள். 40 டிகிரி பாக்கி இருக்கும்போது பவர் 0.8, விறுவிறுவென்று திரும்பும். பாக்கி 2 டிகிரி ஆனதும் பவர் 0.04. அந்தப் பவரில் மோட்டார் முனகும், சக்கரம் அசையாது. ஃபோம் தரையின் பிடியை மீற அது போதாது. ரோபோ 2 டிகிரி குறைவாகவே நின்று, இலக்கை அடையவில்லையே என்று லூப்பில் காத்துக்கொண்டிருக்கும். 30 விநாடியும் அங்கேயே போய்விடும். நான் பார்த்த "ஆட்டோ பாதியில் நின்றுவிட்டது" புகார்களில் பெரும்பகுதி இதுதான்.

உடனே ஐ எண்ணைச் சேர்க்கத் தோன்றும். அதைவிட எளிய வழி உண்டு. சக்கரத்தை அசைக்க எவ்வளவு பவர் வேண்டும் என்று கையால் கூட்டிப் பார்த்துக் கண்டுபிடியுங்கள், உதாரணத்துக்கு 0.09 என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் வரும் பவரோடு அதே திசையில் 0.09ஐக் கூட்டிவிடுங்கள். இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தால் டி எண்ணைக் கொஞ்சம் சேருங்கள். கூடவே ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு கால வரம்பு வையுங்கள்: 2 விநாடிக்குள் சேராவிட்டால் விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போ என்று.

எஃப்டிசி டாஷ்போர்டு என்ற கருவியில் ரோபோ ஓடும்போதே எண்ணை மாற்றலாம், வரைபடத்தையும் பார்க்கலாம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் நிரலை மறுபடி ஏற்றும் நேரம் மிச்சம்.

மெக்கானம் ரோபோ பக்கவாட்டில் போகும்போது கணக்கு ஏன் தவறுகிறது?

உருளைகள் வழுக்குவதால். சக்கரம் சுற்றியதை என்கோடர் எண்ணுகிறது, ரோபோ நகர்ந்ததை அல்ல. முன்னால் போகும்போது இந்த இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. பக்கவாட்டில் அப்படி இல்லை. ஒரு பெருக்கல் எண் வைத்து ஓரளவு சரிக்கட்டலாம்.

நிரந்தரத் தீர்வு, மோட்டாரோடு இணைக்காத சிறு சக்கரங்கள். டெட் வீல் என்றும் ஓடோமெட்ரி பாட் என்றும் சொல்வார்கள். தரையோடு ஸ்பிரிங்கால் அழுத்தியபடி சும்மா உருண்டு வரும். யாராவது முட்டி ரோபோவைத் தள்ளினாலும் அந்த நகர்வையும் எண்ணிவிடும். கோபில்டாவின் 32 மி.மீ. பாட் ஒரு சுற்றுக்கு 2000 டிக் எண்ணுகிறது, 1 மி.மீ.க்கு ஏறத்தாழ 19.9 டிக். பாட்டை நேரடியாக ஹப்பில் செருகுவதானால் என்கோடர் துளைகள் 0, 3 இரண்டையும் அதற்கு ஒதுக்குங்கள். ரெவ் ஹப்பில் வேகமான என்கோடரை வன்பொருள் வழியாக எண்ணுவது அந்த இரண்டு துளைகள்தான். 1, 2 துளைகளில் வேகம் கூடினால் டிக் தவறும். பின்பாயிண்ட் போன்ற தனிப் பலகை வைத்தால், இரண்டு பாட்டையும் தன் ஐஎம்யூவையும் சேர்த்துக் கணக்கிட்டு எக்ஸ், ஒய், திசை மூன்றையும் அதுவே கொடுத்துவிடும். கையில் பணம் குறைவாக உள்ள அணிக்குக்கூட, இன்னொரு மோட்டார் வாங்குவதற்கு முன் இதை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

கேமராவும் ஏப்ரல்டேகும் எதற்கு?

ஓடோமெட்ரி, அதாவது சக்கரங்களின் எண்ணிக்கையிலிருந்து இடத்தைக் கணிப்பது, எவ்வளவு நல்லதானாலும் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். ஏப்ரல்டேக் என்பது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான கறுப்பு வெள்ளைச் சதுரக் குறி. 2023–24 சென்டர்ஸ்டேஜ் சீசனிலிருந்து எஃப்டிசி களத்தில் இடம்பெறுகிறது. ஒரு குறியைப் பார்த்தால் அது எவ்வளவு தூரத்தில், எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று எஸ்டிகே, அதாவது எஃப்டிசி தரும் அடிப்படை நிரல் தொகுப்பு, சொல்லிவிடும். குறி களத்தில் எங்கே இருக்கிறது என்பது தெரிந்ததே. எனவே ரோபோ எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும், சேர்ந்த பிழையைத் திருத்திக்கொள்ளலாம்.

ஓடும்போது படம் கலங்குவதுதான் இதில் பெரிய தொல்லை. கேமராவைத் தானியங்கி வெளிச்ச அளவில் விடாமல், எக்ஸ்போஷரை (ஒரு படத்துக்கு ஒளியை வாங்கும் நேரம்) 6 மில்லிசெகண்ட் அளவுக்குக் குறைத்து கெயினை (வாங்கிய ஒளியைப் பெருக்கும் அளவு) கூட்டுங்கள். படம் நம் கண்ணுக்கு இருட்டாகத் தெரியும். குறி தெளிவாக விழும்.

ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும் அமைப்பை நிரல் எப்படிச் சமாளிக்கும்?

பல சீசன்களில் களத்தின் ஏதோ ஒன்று ஆட்டத்துக்கு முன் குலுக்கலில் மாறும். 2025–26 டீகோட் சீசனில் ஓபலிஸ்க் என்ற முக்கோணத் தூணில் மூன்று ஏப்ரல்டேகுகள். எண் 21, 22, 23. இரண்டு ஊதா, ஒரு பச்சைப் பந்துகளை எந்த வரிசையில் வைக்க வேண்டும் என்று அந்த எண் சொல்லும். கேமரா பார்க்கத் தவறினால் என்ன செய்வது என்பதை முன்பே எழுதி வையுங்கள். எண் கிடைக்காவிட்டால் 21 என்று வைத்துக்கொண்டு ஓடட்டும். மூன்றில் ஒரு வாய்ப்பாவது இருக்கும். குறியைத் தேடிக்கொண்டு நின்றால் எதுவும் கிடைக்காது.

ஓடிக்கொண்டே கையையும் தூக்க வேண்டும். ஸ்லீப் போட்டால் எல்லாம் நின்றுவிடுகிறதே?

ஸ்லீப் போட்டால் நிரலே தூங்கிவிடும். திருத்த வேண்டியதைத் திருத்தாது. அதற்குப் பதில் ஸ்டேட் மெஷின் எழுதுங்கள். "பொருளை நோக்கிப் போகிறேன்", "பிடிக்கிறேன்", "தூக்கியபடி திரும்பி வருகிறேன்", "போடுகிறேன்" என்று நிலைகளுக்குப் பெயர் வையுங்கள். ஒரே லூப் விடாமல் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் இடத்தைப் படி, கையைத் திருத்து, சக்கரத்தைத் திருத்து, இந்த நிலை முடிந்ததா என்று பார், முடிந்தால் அடுத்ததற்கு மாறு. சர்வோவுக்கு 0.4 விநாடி வேண்டுமானால் டைமரைத் தொடங்கிவிட்டு, அது கடந்ததா என்று ஒவ்வொரு சுற்றிலும் கேளுங்கள்.

லூப் வேகமாகச் சுற்ற வேண்டும். ஹப்பிடம் ஒவ்வொரு சென்சாராகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் சில மில்லிசெகண்ட் போகும். பல்க் ரீட் முறையை இயக்கினால் எல்லா என்கோடர் மதிப்புகளும் ஒரே கேள்வியில் வந்துவிடும். இரண்டே வரி, லூப் கண்ணெதிரே வேகமாகும்.

ரோட் ரன்னர், பெட்ரோ பாத்திங் போன்றவற்றை எடுத்துக்கொள்ளலாமா?

ஓடோமெட்ரி சரியாக இருந்தால் தாராளமாக. வளைந்த பாதையில் வேகத்தைக் குறைக்காமல் போக இவை நன்கு உதவும். ஆனால் ஓடோமெட்ரியைச் சரிபார்க்காமல் எடுத்தால், தவறான இடத்துக்கு அழகாக வளைந்து போகும். ரோபோவைக் கையால் தள்ளி, களத்தை ஒரு சுற்றுச் சுற்றித் தொடங்கிய இடத்திலேயே வையுங்கள். டெலிமெட்ரியில், அதாவது ரோபோ டிரைவர் ஸ்டேஷன் திரைக்கு அனுப்பும் விவரத்தில், எக்ஸ், ஒய் இரண்டும் சுழிக்கு ஓரிரு செ.மீ. பக்கத்தில் திரும்பி வந்தால் தொடருங்கள்.

சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என்று இரண்டு நிரல் எழுதவா?

எழுதாதீர்கள். ஒன்றில் செய்த திருத்தம் மற்றதில் விட்டுப்போகும். பாதையின் புள்ளிகளைச் சிவப்புக்கு மட்டும் எழுதி, நீலம் என்றால் ஒரு செயற்கூறு அவற்றை மாற்றித் தரட்டும். களம் கண்ணாடிப் பிம்பமா, 180 டிகிரி சுழற்சியா என்பது சீசனுக்குச் சீசன் மாறும். விதிப் புத்தகத்தின் களப்படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நிறத்தையும் தொடங்கும் இடத்தையும் இனிட் நேரத்தில் கேம்பேடில் தேர்ந்தெடுத்து, டெலிமெட்ரியில் பெரிதாகக் காட்டுங்கள். அங்கேயே "எத்தனை விநாடி காத்திருந்து புறப்படுவது" என்ற தேர்வையும் வையுங்கள். கூட்டணி அணியின் பாதை உங்கள் பாதையைக் குறுக்கே வெட்டினால், வரிசையில் நிற்கும்போதே 3 விநாடி தள்ளிப் புறப்படலாம் என்று பேசி முடித்துவிடலாம்.

வீட்டில் பத்துக்குப் பத்து. போட்டியில் மட்டும் தவறுகிறது. என்ன பார்க்க வேண்டும்?

முதலில் ரோபோவை வைக்கும் விதம். தொடக்கத்தில் 2 டிகிரி கோணலாக வைத்தால் 2 மீட்டர் போனபின் 7 செ.மீ. விலகியிருக்கும். கண்ணால் பார்த்து வைக்காதீர்கள். ரோபோவின் பின்புறத்தைச் சுவரோடு ஒட்டி, டைலின் பல் விளிம்போடு ஒரு குறியைப் பொருத்தி வையுங்கள். அதை எப்போதும் ஒரே ஆள் செய்யட்டும். எங்கள் அணியில் ஒரு பெண் அதற்கென்றே அட்டையில் ஓர் அளவுத் துண்டு வெட்டி வைத்திருந்தாள். அதைப் பக்கவாட்டில் வைத்து, ரோபோவைத் தொட்டு, எடுத்துப் பையில் போட்டுக்கொள்வாள். அந்த அட்டை வந்த பிறகு எங்கள் ஆட்டோ தவறியது மிகக் குறைவு.

அடுத்து பேட்டரி, அரங்க வெளிச்சம், கழன்ற யூஎஸ்பி கம்பி. ஃபோம் தரையில் ஓடும்போது நிலைமின்னேற்றம் சேர்ந்து ஹப் துண்டித்துக்கொள்வதும் உண்டு. உலர்ந்த குளிர்காலத்தில் அதிகம். கம்பிகளை உலோகச் சட்டத்தில் உரசாமல் கட்டி வையுங்கள்.

பயிற்சியிலும் போட்டிபோலவே ஓட்டுங்கள்: டிரைவர் ஸ்டேஷனின் 30 விநாடி டைமர் இயங்க வேண்டும், ஓட்டத்துக்கு ஓட்டம் பேட்டரி மாற வேண்டும். தொடர்ந்து 10 ஓட்டத்தில் 9 சரியாக வராத எதையும் போட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் விதி. நான்கு பொருள் போடும் நிரல் 10க்கு 5 தடவைதான் வருகிறது, இரண்டு போடுவது 10க்கு 10 வருகிறது என்றால் நாங்கள் இரண்டைத்தான் ஓட்டுவோம். கூட்டணி அணி நம்மை நம்பித் தன் பாதையை வகுத்திருக்கும்.

ஆட்டோ முடிந்து டெலிஆப் தொடங்கும்போது ரோபோவுக்குத் திசை மறந்துவிடுகிறது. என்ன செய்வது?

ஆட்டோ முடியும் இடத்தில் எக்ஸ், ஒய், திசை மூன்றையும் ஒரு ஸ்டாட்டிக் மாறியில் (ஒரு ஆப்மோட் முடிந்தாலும் மதிப்பு அழியாத மாறி) போட்டு வையுங்கள்; டெலிஆப் தொடங்கும்போது அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கடைசி வரியில் மட்டும் சேமித்தால், 30 விநாடியில் நேரம் முடிந்து நிரல் பாதியில் நின்ற ஆட்டங்களில் பழைய மதிப்பே இருக்கும். அதனால் லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் சேமியுங்கள். எந்த டெலிஆப் அடுத்து வர வேண்டும் என்பதை ஆட்டோவின் தலைப்பு வரியிலேயே குறிப்பிட்டால், டிரைவர் ஸ்டேஷன் அதைத் தானாகத் தேர்ந்து வைக்கும். 8 விநாடியில் பட்டியலைத் தேட வேண்டாம். நடுவில் ஹப் அணைந்து எழுந்தால் சேமித்த மதிப்பு போய்விடும். அதற்காகக் கேம்பேடில் ஒரு பட்டனுக்கு, "ரோபோ இப்போது பார்ப்பதே முன்பக்கம்" என்ற வேலையைக் கொடுத்து வையுங்கள்.